சமோசிர் தீவின் துக்துக் கம்பம்: பினாங்கிலிருந்து வயதானவர்களோடு போக வழி சொல்லுங்கள்

கவிதா, ஆயர் ஈத்தாம்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் இந்தோனேசியாவின் சுமத்ராவிலுள்ள தோபா ஏரிக்குப் போகிறோம். நாங்கள் இருவர், ஏழு வயது மகன், மாமனார், மாமியார் என்று ஐந்து பேர். மூன்று இரவு தங்கலாம் என்று எண்ணம். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். மாமனாருக்கு முழங்கால் வலி. கரையிலுள்ள பாராபாட்டில் பெரிய ஹோட்டல் எடுப்பதைவிட, ஏரி நடுவேயுள்ள சமோசிர் தீவின் துக்துக் கம்பத்தில் (கிராமத்தில்) தங்குவதே நல்லது என்று பலர் சொல்கிறார்கள். அமைதியான இடம், மனிதர்களும் நன்றாகப் பழகுவார்களாம்.

எந்த நேர விமானம் எடுப்பது? மேடானில் இறங்கி எப்படிப் போய்ச் சேருவது? சாப்பாட்டுக்கு என்ன வழி? பையன் ஏரியில் இறங்கலாமா? டூர் கம்பெனி வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம்.

சேகர், பட்டர்வொர்த்

கவிதா, விமான நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான். துக்துக்குக்குப் போகும் கடைசிப் படகு மாலையோடு நின்றுவிடும். அதைத் தவறவிட்டால் அன்றிரவு பாராபாட்டில்தான் படுக்க வேண்டும்.

கணக்கு இப்படி. பினாங்கு–மேடான் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி. மேடான் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஆக, காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போதும் மணி ஒன்பதுதான். குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள். அங்கிருந்து பாராபாட்டுக்கு மூன்றரை முதல் நாலரை மணி நேரம் ஆகும். இரண்டு, இரண்டரைக்குப் படகுத்துறையில் இருப்பீர்கள். நண்பகலுக்கு மேல் புறப்படும் விமானத்தை எடுத்தால் இந்தக் கணக்கு நிற்காது. வழியில் ஒரு லோரி கவிழ்ந்தாலே போதும், அன்றைய படகு போய்விடும். மாலை ஐந்து மணிக்குள் துறையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

மேடான் நகருக்குள் நுழையவே வேண்டாம். குவாலாநாமு விமான நிலையம் நகருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்தே டோல் சாலையைப் பிடித்துவிடலாம். தெபிங் திங்கி, பெமாதாங் சியந்தார், பிறகு பாராபாட். சியந்தார் வரை சாலை நேராக, சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு வளைவுதான். பையனுக்கு வாந்தி வரும் என்றால் சியந்தாருக்கு முன்பே ஏதாவது லேசாகக் கொடுத்து முன்சீட்டில் உட்கார வையுங்கள். பெராஸ்தாகி வழியாகவும் போகலாம். சிபிசோபிசோ அருவி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அது மலைப்பாதை, நேரமும் கூடும். போகும் நாளில் அந்த வழி வேண்டாம்.

பகிர்வு டாக்சியில் ஆளுக்கு ஒரு சீட் வாங்கிப் போகலாம், மலிவு. ஆனால் அவர்கள் கடைசி வரிசை வரை ஆள் ஏற்றுவார்கள், அந்தச் சீட்டில் முழங்காலை மடக்கி நாலு மணி நேரம் மாமனாரால் உட்கார முடியாது. ஐந்து பேருக்கு முழுக் காடியாக (காராக) பேசிக்கொள்ளுங்கள். பேசும்போதே டோல், பார்க்கிங், ஓட்டுநரின் சாப்பாடு எல்லாம் சேர்த்தா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். தகராறு வருவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

இன்னொன்று. பாராபாட் பக்கம் இரண்டு துறைகள். ஆட்கள் மட்டும் ஏறும் துக்துக் படகு தீகாராஜாவில். காடி ஏற்றும் ஃபெரி அஜிபாத்தாவில். 'சமோசிர்' என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் அஜிபாத்தாவில் இறக்கிவிடக்கூடும். 'தீகாராஜா, துக்துக் படகு' என்று சொல்லுங்கள்.

நாதன், ஜெலுத்தோங்

சேகர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் முழங்கால் வலிக்காரர் இருப்பதால் நான் அஜிபாத்தாவைத்தான் சொல்வேன்.

தீகாராஜா படகில் உள்ள வசதி, நீங்கள் தங்கும் விடுதியின் பெயரைச் சொன்னால் அந்த விடுதியின் சொந்தத் துறையிலேயே இறக்கிவிடுவார்கள். அரை மணி முதல் முக்கால் மணி ஓட்டம், காசு படகிலேயே வாங்குவார்கள். இளவட்டங்களுக்கு இதைவிடச் சுகமில்லை. ஆனால் ஆடும் படகிலிருந்து மரத்துறைக்குக் கால் தூக்கி வைக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லா இடத்திலும் இருக்காது. அதற்குமேல், துக்துக்கின் பல விடுதிகள் சரிவில் கட்டப்பட்டவை. சாலை மேலே, ஏரி கீழே, நடுவில் படிகள். துறையில் இறங்கினால் அறைக்கு ஏறியாக வேண்டும்.

காடியோடு அஜிபாத்தா ஃபெரியில் ஏறினால் தொமோக் அல்லது அம்பாரித்தாவில் இறங்கி, சாலை வழியாகவே விடுதி வாசலுக்குப் போய்விடலாம். இரண்டு ஊரும் துக்துக்கிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில்தான். ஃபெரிக்கு நேர அட்டவணை உண்டு, விடுமுறை நாளில் காடி வரிசையும் உண்டு. ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அறை பதியும்போது 'ஏரி தெரியுமா' என்று கேட்பதைவிட, 'காடி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி, அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு எத்தனை படி' என்று கேளுங்கள். படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். சுடுநீர் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியது. ஏரியே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இரவில் குளிரும். மலிவான அறைகள் சிலவற்றில் பச்சைத் தண்ணீர்தான்.

மல்லிகா, பிரிக்பீல்ட்ஸ்

மாமியார் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன் கவிதா, இதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

அந்த ஏரிப் பக்கத்து மக்களான தோபா பாத்தாக்குகளில் பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள். ஊர்ச் சாப்பாட்டுக்கடைகளில் பன்றி இறைச்சி சாதாரணம். பலகையில் பி2 என்று இருந்தால் பன்றி, பி1 என்றால் நாய். சக்சாங் என்பது இறைச்சியை இரத்தத்தோடு சமைப்பது. பலகையைப் பார்த்து உள்ளே போங்கள், போதும். அது அவர்கள் பாரம்பரிய விருந்துச் சாப்பாடு, முகம் சுளிக்கத் தேவையில்லை. துக்துக்கில் வெளிநாட்டுப் பயணிகள் பல ஆண்டுகளாக வருவதால் விடுதிச் சமையலறைகளுக்குச் சைவம் என்றால் புரியும்.

ஆனால் அவர்கள் சைவம் என்பது கண்ணுக்குத் தெரியும் இறைச்சி இல்லாதது. மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்: சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது (அங்கே தெராசி என்பார்கள்), கீரையில் நெத்திலி (தெரி), குழம்பிலும் நாசி கோரேங்கிலும் கோழித்தூள் (கால்டு). ஆகவே 'தன்பா டாகிங்' (இறைச்சி இல்லாமல்) என்று நிறுத்தாமல், 'தன்பா தெலூர் (முட்டை), தன்பா தெராசி, தன்பா தெரி, தன்பா கால்டு' என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதி விடுதிக்காரம்மாவிடம் முதல் நாளே கொடுத்துவிட்டால் மூன்று நாளும் பிரச்சினை இல்லை.

கேட்டு வாங்க வேண்டியது டாவுன் ஊபி தும்புக். மரவள்ளிக் கீரையை இடித்துத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது. அதில் நம் சுண்டைக்காயைப் போடுவார்கள், மாமியாருக்குக் கட்டாயம் பிடிக்கும். நெத்திலி இல்லாமல் செய்யச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தெம்பே, தவு (இரண்டும் சோயாவில் செய்தவை), காய்கறிக் கலவையான காடோ காடோ (முட்டையை எடுத்துவிட்டு, கச்சான் என்ற நிலக்கடலைக் குழம்பில் தெராசி உண்டா என்று கேட்டு) எல்லாம் கிடைக்கும். நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ஆர்சிக் கேளுங்கள், மஞ்சளும் அண்டாலிமானும் போட்ட கெண்டை மீன். அண்டாலிமான் மிளகு நாக்கை மரத்துப்போக வைக்கும். பையனுக்கு வேண்டாம்.

ஆர்டர் கொடுத்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். ஐந்து பேருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இரவுச் சாப்பாட்டை நாலு மணிக்கே சொல்லிவைத்துவிட்டால் பையன் பசியில் அழமாட்டான். காலைப் பசியாறலையும் முந்தின இரவே சொல்லுங்கள். ஒரு பொட்டலம் பருப்புப்பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருக்கட்டும்.

இளங்கோ, பாயான் லெப்பாஸ்

ஏரியில் இறங்கலாம். தண்ணீர் நன்னீர், பினாங்குக் கடற்கரை போல ஜெல்லி மீன் பயமும் இல்லை. ஆனால் அது எரிமலை வாய். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துக் குழிந்த இடத்தில் தண்ணீர் நிறைந்ததுதான் இந்த ஏரி. அப்போது பறந்த சாம்பல் நம் பேராக், லெங்கோங்கின் கோத்தா தம்பானில் இன்றும் மண்ணில் தெரிகிறது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 500 மீட்டர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கரை மெல்ல மெல்ல ஆழமாவதில்லை. பல விடுதிகளில் துறையின் விளிம்பைத் தாண்டினால் பெரியவர்களுக்கே கால் எட்டாது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனால் சில்லிடும், பிள்ளைகளுக்கு அதில் மூச்சு வாங்கும். பையனின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இங்கிருந்தே கொண்டுபோங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பெரியவர் அளவு, சின்னப் பிள்ளைக்குப் போட்டால் தலைக்கு மேலே கழன்றுவிடும்.

காலையில் குளிக்க விடுங்கள். பிற்பகலில் காற்று எழும்பி அலை வரும். மீன் கூண்டுகள் கட்டியிருக்கும் பக்கமும், ஆகாயத்தாமரை தேங்கியிருக்கும் மூலையும் வேண்டாம், அங்கே தண்ணீர் கலங்கலாக இருக்கும்.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18 ஜூன் 2018 அன்று சிமானிண்டோவிலிருந்து தீகாராஸுக்குப் போன சினார் பங்குன் என்ற படகு மூழ்கி 160க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். கொள்ளளவைவிடப் பல மடங்கு ஆட்கள், அதோடு மோட்டார் சைக்கிள்களும். வானிலையும் மோசம். அது வேறு தடம்தான், ஆனால் ஏரி ஒன்றுதான். படகு நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு நில்லுங்கள். மேல்தட்டில் கூட்டமாக உட்கார வேண்டாம். ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மழைக்காற்று வந்தால் அன்று கடக்காதீர்கள். மேற்கே பங்கூருரானில் பாலம் இருக்கிறது, தெலே வழியாகச் சாலையிலேயே தீவை விட்டு வெளியேற முடியும். சுற்றுவழிதான், ஆனால் இருக்கிறது.

கவிதா, ஆயர் ஈத்தாம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. காடியோடு அஜிபாத்தா வழியே போகலாம் என்று மாமனாரும் ஒத்துக்கொண்டார். டிசம்பர் 22க்கு மேல்தான் எங்களுக்கு லீவு கிடைக்கும். அதனால் ஏதும் சிக்கலா? கம்பத்தில் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

சேகர், பட்டர்வொர்த்

சிக்கல்தான். மேடானிலும் ஜகார்த்தாவிலும் வேலை செய்யும் பாத்தாக் மக்கள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ஊர் திரும்புவார்கள், நம்மவர்கள் தீபாவளிக்குத் தோட்டத்து வீட்டுக்குப் போவது போல. சாலையும் ஃபெரி வரிசையும் அப்போதுதான் மோசம். அதோடு மழைக்காலம் வேறு, பாராபாட்டுக்கு முன்னாலுள்ள மலைச்சரிவில் மண் சரிவதுண்டு. முடிந்தால் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அறை, காடி, ஃபெரி மூன்றையும் இப்போதே உறுதி செய்துவிட்டு, விமானத்தைக் காலை முதல் விமானமாக எடுங்கள்.

மல்லிகா, பிரிக்பீல்ட்ஸ்

நடந்துகொள்வதில் பெரிதாக ஒன்றுமில்லை. 'ஹோராஸ்' (அவர்கள் வணக்கம்) என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும். நம் மலாய் அங்கே போதும். 'என்ன மார்கா' என்று கேட்பார்கள், குலப் பெயர். கோபிக்க ஒன்றுமில்லை, அதை வைத்துத்தான் உறவு முறை சொல்லி அழைப்பார்கள். நாங்கள் தமிழர்கள் என்று சொன்னால் பேச்சு நீளும். பக்கத்து மேட்டு நிலத்துக் காரோ மக்களில் செம்பிரிங் குலத்துக்குள் சோலியா, பாண்டியா, மெலியாலா என்ற பெயர்களே இருக்கின்றன.

வயல் நடுவே சிமெண்டில் கட்டிய சின்ன வீடுகள் போலத் தெரிபவை முன்னோர் கல்லறைகள். ஏறி நின்று படம் எடுக்கக் கூடாது, பையனிடம் சொல்லிவையுங்கள். தொமோக்கில் சிடாபுத்தார் அரசரின் கல்லறைக்குள் போகும்போது தோளில் ஊலோஸ் துணி போடச் சொல்வார்கள், வாசலிலேயே கொடுப்பார்கள். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும், கடைகள் பிற்பகலில்தான் திறக்கும். அன்று காலை வேறு திட்டம் வேண்டாம்.

மாமனாருக்கு ஏற்றது அம்பாரித்தாவின் ஹூத்தா சியாலாகான். மரத்தடியில் வட்டமாகக் கல் நாற்காலிகள், பழங்கால வழக்கு மன்றம். பெரும்பாலும் சமதளம். சிமானிண்டோ அருங்காட்சியகத்தில் காலையில் நடனம் உண்டு. பங்கூருரான் பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் போனால் வெள்ளிக் கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். கந்தக நீரில் கறுத்துவிடும்.

நாதன், ஜெலுத்தோங்

விட்டுப்போனவற்றைச் சேர்க்கிறேன். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். 'ஆல் இந்தோனேசியா' என்ற இணையப் படிவத்தைக் கிளம்பும் முன்பே நிரப்புங்கள், இலவசம். காசு கேட்கும் தளங்கள் போலி. கியூரிஸ் (இந்தோனேசியாவின் கியூஆர் கட்டண முறை) பலகை உள்ள கடைகளில் நம் மலேசிய டியூட்நவ் வழியாகவே கட்டலாம், 2023 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் துறையிலும் சின்னக் கடைகளிலும் ரொக்கம்தான், மேடானிலேயே எடுத்துவிடுங்கள். துக்துக்கில் கிராப் கிடையாது. மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் காடி லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். விழுந்தால் பயணக் காப்புறுதி ஒரு வெள்ளிகூடத் தராது.

மூன்று இரவையும் தீவில் வைக்காமல் கடைசி இரவை மேடானுக்கு மாற்றுங்கள். நான்காம் நாள் ஃபெரி தாமதமானால் விமானம் போய்விடும், திரும்பும்போது ஒரு மணி நேரத்தையும் இழக்கிறோம். மேடானில் கம்போங் மெட்ராஸில் ஸ்ரீ மாரியம்மன் கோவில் இருக்கிறது, 1884இல் கட்டியது. 2005இல் திறந்த அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தை ஒரு பெரிய கோபுரக் கோவில் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். மாரியம்மன் கோவிலைச் சுற்றிய தெருக்களிலேயே மாமியாருக்கு நம் ஊர்ச் சைவச் சாப்பாடு தேடலாம்.

தீவிலிருந்து கிளம்பும் நாளில் ஃபெரி நேரத்தை முந்தின இரவே விடுதிக்காரரிடம் கேளுங்கள், இணையத்தில் இருப்பது பழையதாக இருக்கும். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே காடி வரிசையில் நிற்கட்டும்.