மண்டலேயில் அம்மாவுடன் மூன்று நாள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

யாங்கூன் மகள்

2019இல் மியான்மரின் சுதந்திர நாளான ஜனவரி 4 வெள்ளிக்கிழமையாக அமைந்ததால் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் மண்டலே போனேன். அரண்மனையும் மலையும் உ பெயின் பாலமும் எல்லோரும் பார்ப்பவைதாம். என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பது மஹாமுனி புத்தர் ஆலயத்தில் நடந்தது.

புத்தர் அமர்ந்திருக்கும் மேடையில் பெண்கள் ஏற முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா தாம் வாங்கிய தங்க ரேக்கை முன்பின் அறியாத ஒரு பெரியவரிடம் கொடுத்து, தம் பெயரைச் சொல்லி ஒட்டும்படி கேட்டுக்கொண்டார். அப்போது அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. மேடையைக் காட்டும் தொலைக்காட்சித் திரைகூட மங்கலாகத்தான் தெரியும். "எங்கே ஒட்டுகிறார் என்று பார்த்துச் சொல்லடி" என்றார். நானோ, பெண்களை ஏன் தடுக்கிறீர்கள் என்று காவலரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அம்மா கேட்டதும், "நெற்றியில் ஒட்டினார் அம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். ரேக்குத் தூள் ஒட்டியிருந்த விரலால் அவர் தம் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார். விபூதிக் கீற்றின் நடுவே அந்தப் பொன் துகள் இரவு தூங்கும்வரை மின்னிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியுமுன் நான்கு மணிக்கு, புத்தரின் முகம் கழுவும் சடங்கைக் காணப் போனோம். தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து கலந்த நீரால் பிக்கு முகத்தைக் கழுவி, பக்தர்கள் கொடுத்த துண்டுகளால் ஒற்றியெடுத்தார். பக்கத்திலிருந்த பர்மியப் பெண்மணி, தினமும் கழுவுவதால் முகத்தில் யாரும் ரேக்கு ஒட்டுவதில்லை, அதனால்தான் உடல் தங்கத்தால் கட்டிகட்டியாகத் திரண்டிருக்க முகம் மட்டும் வழவழவென்று இருக்கிறது என்றார். அம்மா என் பக்கம் ஒருமுறை திரும்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பெகு வாசகர்

சகோதரி, காவலரிடம் வாதாடியதுதான் முதல் தவறு. நம் கோயில்களில் கருவறைக்குள் நாம் நுழைகிறோமா? அந்தந்த இடத்துக்கு அந்தந்த முறை உண்டு.

நானும் என் தாயாரை அழைத்துப்போனேன். ஷ்வேநந்தோ மடாலயத்தில் ஒரு தேக்குத் தூணில் கன்னத்தை வைத்து, "காரைக்குடி வீட்டு வாசனை" என்று கண் கலங்கினார். அவ்வளவுதான் என் கதை. இனிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அரண்மனையில் பொழுதைக் கழித்துவிடாதீர்கள். 1857இல் மிண்டோன் மன்னர் இந்நகரைத் தலைநகராக நிறுவியபோது எழுந்த மாளிகைகள் 1945 மார்ச்சில் போரின்போது எரிந்துபோயின. இப்போது நிற்பவை 1990களில் மீண்டும் கட்டப்பட்டவை. மிண்டோன் 1878இல் உயிர் நீத்த மாளிகையை மட்டும் அவர் மகன் தீபோ பிரித்தெடுத்து மதிலுக்கு வெளியே மடாலயமாக அமைத்ததால் அது தப்பியது. அதுதான் ஷ்வேநந்தோ. வயதானவர்களைக் காலை வெயில் ஏறுமுன் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கழற்ற எளிதான செருப்பாக அணியச் சொல்லுங்கள். மலை உச்சிக்கு நடத்திக் கூட்டிப்போகாமல் வண்டியிலேயே போங்கள்.

தாத்தோன் தமிழ்ப்பெண்

பெகு ஐயா, அவர் காவலரைப் பற்றி வருந்தவில்லையே. அம்மாவின் கண்ணாக இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமல்போனதைத்தான் சொல்கிறார். உங்களுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று?

எனக்கு அது மண்டலேயின் குத்தோடோ பகோடாவில் நேர்ந்தது. பௌத்த மறைநூலான பாலித் திரிபிடகம் முழுவதையும் பொறித்த 729 சலவைக்கற்கள், கல்லுக்கு ஒரு சிறு வெள்ளைக் கோயிலாக வரிசை வரிசையாக நிற்கும் இடம். 1868இல் வேலை முடிந்தபோது எழுத்துகளில் பொன் மை இருந்ததாம். ஆங்கிலேயர் வந்தபின் அது போய்விட்டது, இப்போது கறுப்பு மைதான். அம்மாவுக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும் என்பதால், பர்மிய எழுத்தில் இருந்த ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "தௌக்கா" என்று நான் சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "துக்கமா? நம் துக்கமா?" என்றார். பயணம் முழுவதும் அலுத்துக்கொண்டே வந்தவர் முகத்தில் முதன்முறையாக ஓர் ஒளி. "இன்னொரு கல்லைப் படியேன்" என்றார். வண்டிக்காரர் காத்திருக்கிறார், நேரமாகிவிட்டது என்று சொல்லி அழைத்துவந்துவிட்டேன். 729 கற்களில் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டியது ஒரே ஒரு வரி.

யாங்கூன் தோழி, அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

யாங்கூன் மகள்

பெகு ஐயா சொன்ன முறைகளை என் அம்மாவே எனக்கு அன்று சொன்னார். அதில் எனக்கு வழக்கில்லை.

அம்மாவுக்குப் பிறகு கண் அறுவை முடிந்து பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மஹாமுனி ஆலயமும் சேதமடைந்தது என்ற செய்தி வந்தபோது, என் கைப்பேசியை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். புத்தரின் படம் வந்ததும் இரண்டு விரலால் பெரிதாக்கி, நெற்றியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். "முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லி, கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.