ஒரு வரி லத்தீனுக்காக அலைந்தது

2009. களக்காடு மலையில் நான் சேகரித்த ஒரு காசித்தும்பை இதுவரை யாரும் பெயரிடாத இனம்தான் என்று என் ஆராய்ச்சி கைடு ஒருவழியாக ஒப்புக்கொண்டார். படம் வரைந்தாயிற்று, அளவெல்லாம் எடுத்தாயிற்று. பாக்கி ஒரே ஒரு வாக்கியம்: 'ரோமமுள்ள இலைகளால் வேறுபடுகிறது'. அதை லத்தீனில் எழுத வேண்டும். 1935 முதல் தாவரவியலில் அதுதான் விதி. லத்தீன் விவரணை இல்லாவிட்டால் புதுப்பெயர் செல்லாது.

அகராதியைப் புரட்டி, ஆங்கிலத்தில் யோசித்து, 'ஃபோலியா பிலோசுஸ் ஹபென்ஸ்' என்று ஒன்றை ஒட்டவைத்தேன். கைடு பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியாதுப்பா, வயசான சாமியார் யாரையாவது பிடி" என்றார்.

பாளையங்கோட்டையில் ஓய்வில் இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் கிடைத்தார். 1960களில் பூசை தாய்மொழிக்கு மாறுமுன் லத்தீனிலேயே பூசை வைத்தவர். தாளைப் படித்துக்கொண்டு வந்தவர் 'பிலோசுஸ்' என்ற இடத்தில் சிரித்துவிட்டார். "பைபிள்ல ஏசாவையில்ல தம்பி இப்படிச் சொல்லியிருக்கு, ஹோமோ பிலோசுஸ்னு, ரோமக்கார மனுஷன்னு! செடிக்குமா ரோமம்?" செடியை உலர்த்தி ஒட்டிய ஹெர்பேரியம் தாளையும் லென்ஸையும் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "ஆமா, இருக்கு."

அப்புறம்தான் பாடம். "இங்கிலீஷை விடு. தமிழ்ல சொல்லு, எதனால வேறுபடுது?"

"இலைகளால், சாமி."

"அந்த 'ஆல்' இருக்கே, அதுதான் இங்க 'ஈஸ்'. ஃபோலியீஸ்."

வேற்றுமை உருபு! பள்ளியில் அடிவாங்கி மனப்பாடம் செய்த ஐ, ஆல், கு இங்கே வந்து கைகொடுக்கும் என்று யார் கண்டது? உற்சாகத்தில் 'ஃபோலியீஸ் பிலோசுஸ்' என்று எழுதினேன். பென்சிலால் அடித்தார். தமிழில் எந்த உருபு வந்தாலும் 'ரோமமுள்ள' அப்படியே நிற்கும். லத்தீனில் அடைமொழியும் பெயரோடு சேர்ந்து மாற வேண்டுமாம். கடைசியில் மிஞ்சியது மூன்றே சொல்: ஃபோலியீஸ் பிலோசீஸ் டிஃபெர்ட். 'அது' என்று ஒரு எழுவாய் வேண்டாமா என்றேன். "வேறுபடுகிறதுன்னு சொன்னா அதுக்குள்ளயே 'அது' இல்லையா?" என்றார்.

2012 ஜனவரி முதல் ஆங்கிலமே போதும் என்று விதி மாறிவிட்டது. என் மாணவர்கள் பாளையங்கோட்டை பஸ் ஏறுவதில்லை. கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.

* * *

மேலே எழுதியவர் செடிக்காரர்; நான் பூச்சிகளை ஆராயும் பூச்சிக்காரன். எங்கள் பக்கம் விவரணைக்கு லத்தீன் கட்டாயம் இல்லை, பெயர் ஒழுங்காக இருந்தால் போதும். அதிலேயே சறுக்கினேன். ஒரு வண்டுக்கு எங்கள் டீச்சர் பெயரை வைத்து, முடிவில் 'ஈ' சேர்த்து அனுப்பியிருந்தேன். கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'உங்கள் ஆசிரியர் ஆணா?' ஆணுக்குத்தான் 'ஈ', பெண்ணுக்கு 'ஏ'. திருத்தி அனுப்பினேன். டீச்சரிடம் இன்றுவரை சொல்லவில்லை.