அறுவை மேசையிலேயே காது கேட்டது

முப்பது வயதைத் தாண்டியதும் இரண்டு காதும் மெல்ல மந்தமாகின. இடது காதுதான் மோசம். சந்தடியான இடத்தில் மற்றவர்கள் பேசுவது ஓரளவு புரியும். அமைதியான அறையில்தான் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். மென்று சாப்பிடும் சத்தமோ தலைக்குள் முழங்கும்.

மருத்துவர் இசைக்கவையைத் தட்டி இடது காதருகே பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார், ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. நரம்பு நன்றாக இருக்கிறது, ஒலி போகும் வழியில்தான் தடை என்றார். நடுக்காதின் மூன்று எலும்புகளில் கடைசியான அங்கவடி எலும்பு இறுகி அசையாமல் போயிருந்தது. சுமார் 3 மில்லிமீட்டர்தான் அது, உடம்பிலேயே சிறிய எலும்பு! காது மெஷினும் போதும், அறுவையில் நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது அடியோடு போய்விடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அவரை நம்பினேன்.

மரத்துப்போக ஊசி மட்டும்தான். காதுத் துவாரம் வழியாகவே செவிப்பறையை மடித்துத் தூக்கி, அங்கவடியின் மேற்பகுதியை எடுத்துவிட்டு, அடித்தட்டில் துளையிட்டு 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஸ்டன் என்ற சின்னச் செயற்கைத் தண்டைப் பொருத்தினார்கள். செவிப்பறையைத் திரும்பப் படியவைத்ததும் தட்டில் கத்தரி வைக்கும் ஓசை கேட்டது. "கேட்கிறதா?" என்று கிசுகிசுத்தார். கண்ணீர் வந்துவிட்டது. தலையை ஆட்டாதீர்கள் என்றார்.

அப்புறம் காதில் பஞ்சை அடைத்ததும் மறுபடி மந்தம். மூன்று நாள் எழுந்தாலே அறை சுழன்றது. நாக்கின் இடது பக்கம் இரும்பை நக்கியது போலிருந்தது. சுவை நரம்பு ஒன்று செவிப்பறைக்குப் பின்னால்தான் ஓடுகிறதாம், அதை ஒதுக்கும்போது இப்படி ஆகும். அது சரியாவதற்கு மூன்று மாதமானது. மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இதில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

*

இன்னொருவரின் அனுபவம்: எனக்குச் செவிப்பறையில் ஓட்டை, சின்ன வயதிலிருந்தே சீழ். காதுக்கு மேலுள்ள தசையின் உறையை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். உள்ளே, மூன்று எலும்புகளில் நடுவிலுள்ள பட்டடை எலும்பின் நுனி அரித்துப் போயிருந்ததால், அதே எலும்பைச் செதுக்கி இடைவெளியில் வைத்தார்கள். ஆறாவது வாரம் எடுத்த ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் வரைபடம்) பெரிய மாற்றமில்லை, மனம் விட்டுப்போனது. மூன்றாவது மாதம்தான் கோடு மேலே ஏறியிருந்தது. முழுதாகக் கேட்கவில்லை, ஆனால் சீழ் நின்றது, அதுவே எனக்குப் பெரிது. தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை இன்றைக்கும் காதில் வைத்துக்கொள்கிறேன்.