படபடப்புக்கு உடம்புல விரலால தட்டிப் பார்த்தவங்க (இ.எஃப்.டி.) இருக்கீங்களா? அனுபவத்தைச் சொல்லுங்க

ஈரோட்டுக்காரி:
எங்க வீட்டுக்காரருக்கு பைபாஸ் பண்ணினதுல இருந்து, ராத்திரி படுத்தா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்ங்க. அவரு நல்லாத் தூங்குவாரு. நான் அவரு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு, இதயத்துல கோளாறு இல்ல, பதற்றம்தான்னு மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. மாத்திரையும் கொடுத்து, கவுன்சிலிங்கும் போகச் சொன்னாங்க. இந்த இ.எஃப்.டி., அதான் பயத்தைச் சொல்லிக்கிட்டே உடம்புல சில இடங்கள்ல விரலால தட்டுற முறை, அங்க கத்துக்கிட்டதுதான்.

மொதல்ல, பயம் 0-ல இருந்து 10-க்குள்ள எவ்வளவு இருக்குன்னு கேப்பாங்க. அப்புறம் சுண்டுவிரலுக்குக் கீழ, உள்ளங்கை ஓரத்துல இன்னொரு கை விரலால தட்டிக்கிட்டே, "இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் முழுசா ஏத்துக்கறேன்"னு சொல்லணும். எனக்கு அது வாயிலயே வரல. "பயமாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்"னு சொன்னேன். அதுவே போதும்னுட்டாங்க. அப்புறம் புருவம் தொடங்குற இடம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழ, மூக்குக்குக் கீழ, தாடைக்குழி, காறை எலும்புக்குக் கீழ, அக்குளுக்கு நாலு விரல் கீழ, கடைசியா உச்சந்தலை. ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு தட்டு.

8 இருந்தது 5-க்கு வரும். சில நாள் கொட்டாவியா வந்து அப்படியே தூங்கிருவேன். சில நாள் ஒண்ணுமே ஆகாது. 0-க்கு வந்ததா எனக்கு ஞாபகமில்ல. மாமியார் பாத்துட்டு, "என்ன கண்ணு, நடுராத்திரில பிள்ளையாருக்குக் குட்டிக்கிட்டு இருக்கே?"ன்னாங்க. இப்ப மூட்டுவலி வந்தா அவங்களும் தட்டறாங்க! வலிக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாதுங்க.

மதுரை வேன்காரன்:
தாயி, நீங்க கொடுத்து வச்சவுக. நான் ஒரு இலவச முகாம்ல கத்துக்கிட்டேன். நாப்பது அம்பது பேரை ஒண்ணா உக்கார வச்சு, முகாம் நடத்தினவரு "உங்க வாழ்க்கையிலேயே மோசமான நாளை நெனச்சுக்கிட்டுத் தட்டுங்க"ன்னாரு. எனக்கு ரிங் ரோட்டு ஆக்சிடெண்ட் அப்படியே கண்ணு முன்னாடி வந்துருச்சு. கை கால் நடுங்கி, வேர்த்து ஊத்தி வெளிய வந்து உக்காந்தேன். கூட வந்து என்னன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. அதுபோக, தட்ட ஆரம்பிச்சுட்டா மாத்திரையெல்லாம் வேண்டாம்னு வேற பேச்சு. இப்ப ஆஸ்பத்திரியில சைக்காலஜிஸ்ட் ஒருத்தர்கிட்ட போறேன். அவரு எடுத்ததும் ஆக்சிடெண்ட்டைப் பத்திப் பேசவே விடல. சாவியைக் கையில எடுக்கும்போது வர்ற பயத்துக்கு மட்டும் மொதல்ல தட்டுங்கன்னாரு. இப்ப வண்டி எடுக்குறேன். அந்த ரோட்டுப் பக்கம் இன்னும் போகல.

சென்னை சைக்காலஜி மாணவி:
அண்ணே, உங்க சைக்காலஜிஸ்ட் செய்றதுதான் சரி. பெரிய அதிர்ச்சிகளைத் தனியாவோ கூட்டத்துலயோ கிளறக் கூடாது.

இதோட பின்னணி கொஞ்சம். அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கேலஹான் 1980-ல, தண்ணீரைக் கண்டா பயப்படுற ஒரு பெண்ணைக் கண்ணுக்குக் கீழ தட்டச் சொன்னதுல இருந்து இது தொடங்குது. அதைச் சுருக்கி 1990-கள்ல இ.எஃப்.டி. ஆக்கியவர் கேரி கிரெய்க், படிப்பால ஒரு இன்ஜினீயர். 2012-ல 83 பேரை வச்சு நடந்த ஒரு ஆய்வுல, தட்டினவங்களுக்கு கார்டிசால்ங்கிற மன அழுத்த ஹார்மோன் சுமார் 24 சதவீதம் குறைஞ்சதுன்னு வந்தது. ஆனா அதை நடத்தினவரே இ.எஃப்.டி. கத்துக்கொடுக்கிறவர்தான்.

எனக்குப் பிடிச்சது 2003-ல வெயிட், ஹோல்டர்னு ரெண்டு பேர் செஞ்சது. ஒரு குழு சரியான புள்ளிகள்ல தட்டினாங்க, இன்னொரு குழு கையில சம்பந்தமில்லாத இடங்கள்ல, மூணாவது குழு ஒரு பொம்மையைத் தட்டினாங்க. மூணு குழுவுக்கும் பயம் குறைஞ்சது; தட்டாதவங்களுக்குக் குறையல. அதனால, இந்தப் புள்ளிகள்ல தட்டினா நாடியில சக்தி ஓட்டம் சீராகும்னு இ.எஃப்.டி.காரங்க சொல்றதை நான் நம்பல. பயத்தை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே கைக்கு ஒரு வேலை கொடுக்கிறது உதவுதுன்னு நினைக்கிறேன். எப்படியும் மாத்திரையைக் கூட்டுறதும் குறைக்கிறதும் டாக்டர் முடிவு. ராத்திரி தாங்க முடியலைன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க, எந்நேரமும் எடுப்பாங்க.

ஈரோட்டுக்காரி:
பொம்மையா! சிரிச்சுட்டேன் கண்ணு. இருந்தாலும் எனக்குக் காறை எலும்புக்குக் கீழ தட்டினாத்தான் மூச்சு எறங்குதுங்க. புதுசாச் செய்றவங்க நகம் படாம, விரல் நுனியால மெதுவாத் தட்டுங்க. கண்ணுக்குக் கீழ எலும்பு மேல மட்டும்.