பெட்ஷீட், லுங்கி, துண்டு: உழைக்கிற மாதிரி வட சென்னையில் எங்கே வாங்குவது?

தண்டையார்பேட்டை வாசி:
புது வீட்டுக்குக் குடி போகிறோம். ஆன்லைனில் வாங்கிய பெட்ஷீட் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உருண்டை உருண்டையாகப் பிசிறு எழும்பி உடம்பில் குத்துகிறது. அம்மாவின் பவானி ஜமக்காளமோ இன்னும் விருந்தாளி வந்தால் முதலில் விரிப்பது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் ‘ப்யூர் காட்டன், கைத்தறி’ என்கிறார்கள், எப்படி நம்புவது? மெத்தை, கூடைக்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

ராயபுரம் நூல்காரன்:
உருண்டை போகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்புதான். பருத்தியிலும் பிசிறு வரும், ஆனால் துவைக்கத் துவைக்க உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை வலு அதிகம், பிசிறை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் ரெண்டு நூல் உருவிக் கொளுத்துங்கள் (கடைக்குள் வேண்டாம், துரத்திவிடுவார்கள்). பருத்தி காகித வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். ரேயானும் காகிதம் போலத்தான் எரியும், அதனால் நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள்: பருத்திக்கு ஈரத்தில் வலு கூடும், ரேயானுக்குக் குறையும்.

இன்னொன்று, கைத்தறி என்றாலே உழைக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நூல் நம்பரைக் கேளுங்கள். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 100ஆம் நம்பர் சேலைக்கு அழகு, தினமும் புரளும் படுக்கைக்கு 2/20 மாதிரி (20ஆம் நம்பர் நூல் ரெண்டைச் சேர்த்து முறுக்கியது) ரெட்டை நூல்தான் சரி. நல்ல பருத்தி என்றால் விசைத்தறித் துணியும் வருஷக்கணக்கில் வரும்.

ஒற்றியூர் அக்கா:
தம்பி, நூல்காரர் சொல்வது துணிக்குச் சரி, நெய்கிறவருக்குக் காசு போக வேண்டாமா? சில வகை லுங்கி, ஜமக்காளம் என்று சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்க 1985லேயே சட்டம் போட்டாயிற்று, முதலில் 22 ரகம், பிறகு 11 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதை எம்.சி. ரோட்டில் பேசிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 2006ல் வந்த அரசின் கைத்தறி முத்திரை (ஹேண்ட்லூம் மார்க்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா, நேரே கோ-ஆப்டெக்ஸ் போங்கள், 1935லிருந்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்கிறார்கள், தீபாவளிக்குத் தள்ளுபடியும் உண்டு. சென்னிமலை பெட்ஷீட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நாள் ஒழிந்தால் நம்ம திருவள்ளூர் மாவட்டத்து அம்மையார்குப்பம் பக்கம் போகலாம், ஆனால் அங்கே கைத்தறி, விசைத்தறி ரெண்டும் உண்டு, தறியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வியாசை:
மெத்தைக்கு இலவம்பஞ்சு. அமுங்கினால் பஞ்சைப் பிரித்து அடித்து, புது உறை போட்டுத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம்; ஃபோம் அமுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்பப்போ வெயிலில் போடுங்கள், தண்ணீர் மட்டும் படக்கூடாது. கூடைக்குப் பழவேற்காடு, அங்கே பெண்கள் பனை ஓலையில் முடைகிறார்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், காற்றாட வையுங்கள்.

தண்டையார்பேட்டை வாசி:
நன்றி எல்லோருக்கும். அக்கா, சென்னிமலை பெட்ஷீட் முதல் துவைப்பில் எவ்வளவு சுருங்கும்? கட்டில் ஆறடிக்கு ஆறேகால், அளவு கூட்டி வாங்கணுமா?

ஒற்றியூர் அக்கா:
பருத்தி கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். கிங் சைஸே வாங்கிவிடுங்கள். முதல் தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில்.