புதுப்பிப்பு: உர ஸ்டோராக இருக்கும் அந்தப் பழைய பெட்டி

மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் உர ஸ்டோராக இருக்கும் மரப்பெட்டி ரயில் சரக்குப் பெட்டியா, பழைய லாரியின் கூடா என்று முன்பு கேட்டிருந்தேன். ரயில் பெட்டியேதான், சந்தேகமில்லை.

மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) அண்ணனிடம் சொல்லிவிட்டு அடிப்பக்கப் புல்லை வெட்டிப் பார்த்தோம். நீளவாட்டில் இரண்டு இரும்பு உத்திரங்கள். சக்கர அச்சைப் பிடித்திருந்த தகடுகளின் ஆணித் துளைகள் இருபுறமும் அப்படியே இருக்கின்றன. தள்ளுகதவு இன்னும் தடங்கலில்லாமல் ஓடுகிறது, அதைத் தொட்டபோது உடம்பே சிலிர்த்தது. பெட்டி ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று சிலர் கேட்டீர்கள். 1885-இல் தைப்பிங்–போர்ட் வெல்டு ரயில் பாதை திறந்த காலத்திலிருந்தே இங்கே மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1000 மில்லிமீட்டர்தான்.

சக்கரங்கள் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டும். பெட்டியைத் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அடியில் காற்று போவதால் பலகை உளுத்துப்போகவில்லை. கெட்டது இரும்புதான். அம்மோனியம் சல்பேட் உரம் ஈரத்தோடு கசிந்த மூலையில் உத்திரம் அப்பளமாக நொறுங்குகிறது.

அப்புறம், நல்ல செய்தி: உர மூட்டைகளை வேறு கொட்டகைக்கு மாற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒப்புக்கொண்டார். கூரைத் தகரமும் மாற்றுகிறோம். பெட்டி எண் பெயின்டுக்கு அடியில் இருக்கலாம். தயவுசெய்து யாரும் உளியால் சுரண்ட வேண்டாம், நைஸ் உப்புத்தாளை நனைத்து நானே மெதுவாகத் தேய்த்துப் பார்க்கிறேன்.