கைக்கணினி வாங்குவதில் ஓர் ஐயம்: வைஃபை மட்டும் போதுமா, சிம் வசதியும் வேண்டுமா?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நீலகிரிப் பகுதியில் தாவரக் கணக்கெடுப்புப் பணியில் இருக்கும் என் தங்கைக்காக ஐபேட் ஏர் வாங்க எண்ணியுள்ளோம். வைஃபை மட்டும் உள்ள மாதிரியா, செல்லுலார் இணைப்பும் உள்ள மாதிரியா என்பதை முடிவு செய்ய உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது.

வைஃபை, வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள ரவுட்டரின் சிறிய எல்லைக்குள் மட்டும் கிடைப்பது என்பதும், செல்லுலார் இணைப்பு கோபுரங்களின் வழியே மாதக் கட்டணத்தோடு வருவது என்பதும் தெரிந்தவையே. இணையம் மட்டும்தான் தேவை என்றால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே போதும், அதன் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்றாலும்.

எங்களைத் தயங்க வைப்பது வேறொன்று. ஐபேடில் ஜிபிஎஸ் வசதி செல்லுலார் மாதிரிகளில் மட்டுமே உண்டு; வைஃபை மாதிரி, அருகிலுள்ள வைஃபை இணைப்புகளைக் கொண்டே இடத்தைக் கணிக்கிறது என்பதால், காட்டுக்குள் அது பெரிதும் பயன்படாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக வருவதால் கோபுரம் எட்டாத இடத்திலும் இயங்கும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருந்தால் போதும்.

மலைப்பகுதிகளில் களப்பணி செய்பவர்கள், சிம் இணைப்பே எடுக்காமல் செல்லுலார் மாதிரியை ஜிபிஎஸுக்காக மட்டும் பயன்படுத்தியதுண்டா? தனியாக ஒரு புளூடூத் ஜிபிஎஸ் கருவியை வைஃபை மாதிரியுடன் இணைப்பது செலவு குறைந்த வழியாகுமா? 2024இல் வந்த ஐபேட் ஏர் மாதிரிகளில் சிம் அட்டை செருகும் இடம் இல்லை, இ-சிம் மட்டுமே என்பதால், அதைப் பெறும் நடைமுறையையும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.